மரபணுவுக்கு ஒரு பக்கம்: உயிரியலாளர்கள் விக்கிப்பீடியாவுக்குள் வந்த கதை

ஏதாவது ஒரு மனித மரபணுவின் பெயரைக் கூகிளில் தட்டிப் பாருங்கள். முதல் சில முடிவுகளுக்குள்ளேயே ஆங்கில விக்கிப்பீடியாப் பக்கம் ஒன்று வந்து நிற்கும். உள்ளே போனால் வலப்பக்கத்தில் ஒரு நீளப் பெட்டி இருக்கும். அந்த மரபணு எந்த நிறமூர்த்தத்தில் இருக்கிறது, எலியில் அதற்குச் சோடியான மரபணு எது, எந்தெந்தத் தரவுத்தளத்தில் அதற்கு என்ன இலக்கம் என்பதெல்லாம் அதற்குள் அடுக்கியிருக்கும். இடப்பக்கத்தில் எழுத்து. சில பக்கங்களில் நாலு வரி, சிலவற்றில் ஒரு ஆய்வுக்கட்டுரை அளவுக்கு.

கம்பஸ் அசைன்மென்ற் எழுதுகிற இரவுகளில் எங்களில் கனபேர் அந்தப் பக்கங்களில் போய் நின்றிருக்கிறோம். விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டக்கூடாது எண்டு சொல்லித் தந்திருக்கிறார்கள். அதனால் அடியில் கிடக்கும் உசாத்துணைகளை மட்டும் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியேறிவிடுவோம். அந்தப் பெட்டியை ஆர் செய்தது, அந்த நாலு வரியை ஆர் எழுதினது எண்டு ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்கத் தொடங்கினபோதுதான் அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது. ஆய்வுகூடத்து விஞ்ஞானிகளும் ஊர் பேர் தெரியாத தன்னார்வலர்களும் ஒரே பக்கத்தில் எழுதப் பழகின வரலாறு அது.

நிபுணர்களோடு தொடங்கித் தேங்கினது

விக்கிப்பீடியாவுக்கு முதல் நியூபீடியா என்று ஒன்று இருந்தது. 2000 ஆம் ஆண்டு ஜிம்மி வேல்ஸ் அதைத் தொடங்கினார். லரி சாங்கர் அதன் பொறுப்பாசிரியர். கட்டுரைகளை அந்தந்தத் துறை நிபுணர்கள் எழுத வேண்டும், ஒவ்வொரு கட்டுரையும் ஏழு படிகளில் பரிசீலிக்கப்பட வேண்டும் என்பது ஒழுங்கு. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வருடத்தில் அந்த ஏழு படிகளையும் தாண்டியவை 21 கட்டுரைகள் மட்டுமே. நியூபீடியாவுக்கு உதவியாக, ஒரு பக்கவாட்டு முயற்சியாக 2001 ஜனவரி 15 இல் ஆரம்பமானதுதான் விக்கிப்பீடியா. அதில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஒரு வருடத்தில் அங்கே சுமார் 18,000 கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. நியூபீடியா 2003 இல் மூடப்பட்டது.

அந்தத் தொடக்க நாட்களிலேயே உயிரியல் உள்ளே இருந்தது என்பதைக் கனபேர் கவனிப்பதில்லை. விக்கிப்பீடியா வேகமாக வளர, அதன் பழைய மென்பொருளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. புதிய மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் மக்னஸ் மான்ஸ்கே. அப்போது அவர் ஜேர்மனியின் கொலோன் நகரில் படித்துக்கொண்டிருந்த ஒரு உயிரியல் மாணவர். 2002 ஜனவரி 25 இல் ஆங்கில விக்கிப்பீடியா அவருடைய மென்பொருளுக்கு மாறியது. பின்னாளில் அவர் இங்கிலாந்தில் உள்ள சாங்கர் நிறுவனத்தில் மரபணு ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தார். அந்த நிறுவனம் இந்தக் கதையில் திரும்பவும் வரும்.

எண்டாலும் பெரும்பாலான விஞ்ஞானிகள் தள்ளித்தான் நின்றார்கள். 2005 டிசம்பரில் 'நேச்சர்' சஞ்சிகை ஒரு ஒப்பீட்டை வெளியிட்டது. விக்கிப்பீடியாவிலும் பிரித்தானிக்காவிலும் இருந்து ஒரே தலைப்புகளில் 42 அறிவியல் கட்டுரைகளை எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் நிபுணர்களிடம் கொடுத்தார்கள். கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நாலு பிழை, பிரித்தானிக்காவில் மூன்று. பிரித்தானிக்கா அடுத்த வருடம் கடும் மறுப்பு வெளியிட்டது. நேச்சர் பின்வாங்கவில்லை. இந்தச் சண்டையைப் பற்றித்தான் எல்லோரும் கதைத்தார்கள்.

எங்களுக்கு முக்கியமாகப் பட்டது அதே இதழில் வந்த இன்னொரு தகவல். நேச்சரில் எழுதும் விஞ்ஞானிகள் ஆயிரம் பேரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பத்தில் ஏழு பேருக்கு மேல் விக்கிப்பீடியாவைக் கேள்விப்பட்டிருந்தார்கள். அவர்களில் 17 சதவீதமானோர் வாராவாரம் அதைப் பார்த்தார்கள். அதில் ஏதாவது திருத்தி உதவினவர்கள் பத்து சதவீதமும் இல்லை. எங்களைப் போலத்தான் அவர்களும். வருவது, எடுப்பது, போவது.

தரவு மலை, எழுத ஆளில்லை

இதே காலத்தில் உயிரியலுக்குள் வேறொரு நெருக்கடி பெருத்துக்கொண்டிருந்தது. மனித மரபணுத்தொகை வாசிக்கப்பட்டு முடிந்ததென 2003 ஏப்ரலில் அறிவித்தார்கள். புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் மட்டும் மனிதரில் சுமார் 20,000. எழுத்துக்களை வாசித்தாயிற்று. ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது, எந்த நோயோடு தொடர்பு, இதுவரை ஆர் என்ன கண்டுபிடித்தார் என்பதை மனிதருக்கு விளங்கும் வசனங்களில் ஆர் எழுதுவது? இயந்திரங்கள் தரவைக் கொட்டிக்கொண்டே இருந்தன. எழுதுவதற்கென்று ஒவ்வொரு தரவுத்தளத்திலும் இருந்தவர்கள் ஒரு சிறு குழுவினர் மட்டுமே.

"அப்படியெண்டால் நாங்களே ஒரு விக்கி திறப்போம், விஞ்ஞானிகள் வந்து எழுதட்டும்" என்று பலரும் யோசித்தார்கள். 2008 ஆம் ஆண்டை மட்டும் எடுத்தாலே விக்கிபுரோட்டீன்ஸ், விக்கிஜீன்ஸ், விக்கிபாத்வேஸ் என்று வரிசையாக வந்தன. இதில் விக்கிஜீன்ஸ் ஒரு நியாயமான கேள்வியைப் பிடித்திருந்தது: எழுதினவருக்கு என்ன பெயர் கிடைக்கும்? ஒவ்வொரு சொல்லையும் எழுதியவர் ஆரென்று தெரியும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. தனி விக்கிகள் எல்லாமே வீண்போனதென்று சொல்ல முடியாது. கலத்துக்குள் நடக்கும் இரசாயனப் பாதைகளை வரைந்து சேர்க்கும் விக்கிபாத்வேஸ் நீண்டகாலம் தாக்குப்பிடித்திருக்கிறது. ஆனால் தனிவீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு பொதுப் பிரச்சினை உண்டு. வீடு கட்டினால் போதாது, ஆட்களும் வர வேண்டும். வாசகர் இல்லாத இடத்தில் எழுத்தாளர் தங்கமாட்டார். எழுத்தாளர் இல்லாத இடத்துக்கு வாசகர் வரமாட்டார்.

ஆர்ஃபாம் சாவியைக் கொடுத்த விதம்

இந்தச் சிக்கலை வேறு பக்கத்தால் அவிழ்த்தவர்கள் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஹிங்ஸ்டனில் உள்ள சாங்கர் நிறுவனத்தில் இருந்த ஒரு குழு. அவர்களுடைய தரவுத்தளத்தின் பெயர் ஆர்ஃபாம். புரதமாக மாறாமல், தானே நேரடியாகக் கலத்துக்குள் வேலை செய்கிற ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வைப்பது அதன் வேலை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு விளக்கக் குறிப்பு வேண்டும். நூற்றுக்கணக்கான குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் உலகின் ஏதோவொரு மூலையில் ஒரு நிபுணர் இருப்பார். ஆனால் அந்த நிபுணர்கள் எல்லாம் ஹிங்ஸ்டனில் இல்லை.

அலெக்ஸ் பேற்மன், போல் கார்ட்னர், ஜெனிஃபர் டோப் ஆகியோர் இருந்த அந்தக் குழு தங்களிடம் இருந்த குறிப்புகளை எடுத்து, 600 இற்கும் மேற்பட்ட புதிய விக்கிப்பீடியாக் கட்டுரைகளாகப் போட்டது. அதோடு நிற்கவில்லை. ஆர்ஃபாம் தளத்தில் தாங்கள் எழுதி வைத்திருந்த விளக்கங்களுக்குப் பதிலாக, விக்கிப்பீடியாவில் உள்ள எழுத்தையே கொண்டுவந்து காட்டத் தொடங்கினார்கள். 2008 இல் 'ஆர்.என்.ஏ.' சஞ்சிகையில் இதை அறிவித்தபோது, ஒரு பெரிய ஆர்.என்.ஏ. தரவுத்தளத்தின் உள்ளடக்கத்தை முதல் தடவையாகப் பயனர்களே நேரடியாகத் திருத்த முடிகிறது என்று எழுதினார்கள்.

கொஞ்சம் நின்று யோசித்தால்தான் இதன் கனம் விளங்கும். ஒரு விஞ்ஞான நிறுவனம் தன்னுடைய தரவுத்தளத்தின் எழுத்தை, பதினைந்து வயதுப் பெடியன் ஒருத்தனும் மாற்றக்கூடிய இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. பயம் இல்லாமல் இல்லை. விக்கிப்பீடியாவில் நடக்கும் மாற்றங்களை ஆர்ஃபாம் ஆட்கள் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் அவை தங்கள் தளத்தில் தெரியும்படி வைத்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பட்டாளம். எழுத்துப்பிழை திருத்துகிறவர், இணைப்புச் சேர்க்கிறவர், உசாத்துணையை ஒழுங்குபடுத்துகிறவர், யாராவது கிறுக்கினால் சில நிமிடங்களில் அழிக்கிறவர். சம்பளமில்லாத இந்த வேலைகளைச் செய்ய ஆட்கள் விக்கிப்பீடியாவில் ஏற்கெனவே இருந்தார்கள்.

பத்தாயிரம் பக்கங்கள்

அமெரிக்காவில் சான் டியேகோவில், அன்ரூ சு என்ற ஆய்வாளரின் குழு இதையே மனித மரபணுக்களுக்குச் செய்ய இறங்கியது. ஜோன் ஹஸ் முதல் ஆசிரியராக இருந்த 'ஜீன் விக்கி' கட்டுரை 2008 ஜூலையில் 'பிலோஸ் பயோலஜி' சஞ்சிகையில் வந்தது. அவர்கள் எழுதின தானியங்கி நிரலுக்கு 'புரோட்டீன்பொக்ஸ்பொட்' என்று பெயர். அது பொதுத் தரவுத்தளங்களில் இருந்து தகவல் எடுத்து, ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு குறுங்கட்டுரையை உருவாக்கி, நாங்கள் தொடக்கத்தில் சொன்ன அந்தப் பெட்டியை வைத்துவிட்டுப் போகும்.

அவர்களுடைய கணக்கு எளிமையானது. வெறும் பக்கத்தில் எழுதத் தொடங்க எல்லோரும் தயங்குவார்கள். நாலு வரி ஏற்கெனவே இருந்தால், ஐந்தாவது வரியைச் சேர்ப்பதற்கு ஒருவர் வருவார். பக்கம் நல்லதாக வர வாசகர் கூடுவார்கள், கூடின வாசகரில் ஒருவர் எழுத்தாளராவார். கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுப் போவது போல ஒரு வேலை.

ஆனால் புள்ளி வைக்கவும் அனுமதி வேண்டியிருந்தது. விக்கிப்பீடியாவில் தானியங்கி ஒன்றை ஓடவிடுவதென்றால், அது என்ன செய்யும் என்பதை விளக்கித் தன்னார்வலர்களின் சம்மதத்தைப் பெற வேண்டும். ஆயிரக்கணக்கில் பக்கங்களைக் கொட்டினால் அவற்றை ஆர் பராமரிப்பது, எல்லா மரபணுவுக்கும் தனிப்பக்கம் தேவையா போன்ற கேள்விகளுக்கு முனைவர் பட்டத்தைக் காட்டித் தப்ப முடியாது. அதனால் ஆய்வுக்கட்டுரைகள் அதிகம் உள்ள மரபணுக்களையே முதலில் எடுத்தார்கள். விக்கிப்பீடியாவில் ஏற்கெனவே மூலக்கூற்று உயிரியலுக்கென்று தன்னார்வலர் குழுவொன்று இயங்கியது. அதை முன்நின்று நடத்திய ரிம் விக்கர்ஸ், ஜீன் விக்கி ஆய்வுக்கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராகவும் இருக்கிறார். விஞ்ஞானிகள் விக்கிப்பீடியாவைப் பற்றி எழுதின கட்டுரையில் விக்கிப்பீடியரின் பெயரும் வருகிறது. எங்களுக்கு இந்த விவரம் மிகவும் பிடித்துக்கொண்டது.

நல்ல பக்கத்துக்கு உதாரணமாக அவர்கள் காட்டியது ரீலின் என்ற புரதத்தைப் பற்றிய கட்டுரை. கருவில் மூளை உருவாகும்போது நரம்புக் கலங்கள் தங்கள் தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர உதவும் புரதம் இது. இது இல்லாத எலிகள் தள்ளாடித் தள்ளாடி நடக்கும். பெயரே அந்தத் தள்ளாட்டத்தில் இருந்து வந்ததுதான். பலர் கை வைத்து வளர்ந்த அந்தக் கட்டுரை ஒரு மீளாய்வுக் கட்டுரைக்குச் சமமாக நின்றது. 2011 அளவில் ஜீன் விக்கியில் 10,000 இற்கும் மேற்பட்ட மரபணுக்களுக்குப் பக்கங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் சேர்த்து 14 இலட்சத்துக்கு மேல் சொற்கள்.

பெயர் ஆருக்கு?

இவ்வளவும் நடந்தாலும் விஞ்ஞானியின் பக்கத்தில் ஒரு முள் இருந்தது. ஆய்வாளரின் வேலை, பதவி உயர்வு, நிதி எல்லாம் வெளியீடுகளில் தொங்குகிறது. விக்கிப்பீடியாவில் ஒரு மாதம் செலவழித்து அருமையான கட்டுரை எழுதினாலும் அதை எந்தப் படிவத்தில் எழுதுவது? அந்த ஒரு மாதத்தில் இன்னொரு ஆய்வுக்கட்டுரையை முடித்திருக்கலாமே? பேராசை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. தற்காலிக ஒப்பந்தத்தில் வேலை செய்கிற இளம் ஆய்வாளருக்கு இது வயிற்றுப் பிரச்சினை.

முதல் விடை ஒரு கட்டாயமாக வந்தது. 2008 டிசம்பரில் 'ஆர்.என்.ஏ. பயோலஜி' சஞ்சிகை ஒரு விதி போட்டது: புதிய ஆர்.என்.ஏ. குடும்பங்களைப் பற்றிய பகுதியில் கட்டுரை வெளியிட வேண்டுமானால், அதோடு ஒரு விக்கிப்பீடியாக் கட்டுரையின் வரைவையும் தர வேண்டும். அந்த வரைவும் நிபுணர் பரிசீலனைக்குப் போகும். இந்த விதியின் கீழ் முதலில் வந்தது, வட்டப்புழுக்களில் காணப்படும் எஸ்எம்வை என்ற ஆர்.என்.ஏ. பற்றிய கட்டுரை.

இரண்டாவது விடை இன்னும் நுட்பமானது. 2012 இல் 'பிலோஸ் கொம்பியூட்டேஷனல் பயோலஜி' சஞ்சிகை 'தலைப்புப் பக்கங்கள்' என்ற வரிசையைத் தொடங்கியது. விக்கிப்பீடியாவில் இல்லாத அல்லது மெலிந்து கிடக்கிற ஒரு தலைப்பை எடுத்து, விக்கிப்பீடியா நடையிலேயே எழுத வேண்டும். பரிசீலனைக்குப் பிறகு அது இரண்டு பிறவி எடுக்கும். ஒன்று சஞ்சிகையில், எழுதியவர் பெயரோடு, மேற்கோள் காட்டக்கூடிய மாறாத பிரதியாக. மற்றது விக்கிப்பீடியாவில், யாரும் திருத்தக்கூடிய உயிருள்ள பிரதியாக. புரதங்களில் வட்டமாற்றம் பற்றிய கட்டுரையே முதலாவது. சட்டரீதியாகவும் வழி திறந்திருந்தது. பிலோஸ் சஞ்சிகைகள் திறந்த உரிமத்தில் வருபவை, விக்கிப்பீடியாவும் 2009 இல் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்துக்கு மாறியிருந்தது. அதனால் எழுத்து அங்கிருந்து இங்கே தடையில்லாமல் வர முடிந்தது.

இதற்கிடையில் 2010 இல் அதே சஞ்சிகையில், விக்கிப்பீடியாவில் எழுத வரும் விஞ்ஞானிகளுக்குப் பத்து விதிகள் வெளியாகின. எழுதியவர்களில் ஆர்ஃபாமின் கார்ட்னரும் பேற்மனும் உண்டு. அந்தப் பழைய உயிரியல் மாணவர் மான்ஸ்கேயும் உண்டு. உங்கள் பதவியைக் காட்டி வாதாட வேண்டாம், உங்கள் சொந்த ஆய்வை விளம்பரப்படுத்த வேண்டாம், சொல்வதற்கெல்லாம் ஆதாரம் கொடுங்கள், வாசகர் ஆரென்று நினைத்து எழுதுங்கள் என்பவை அவற்றுள் சில. ஒரு பேராசிரியருக்கு இதெல்லாம் லேசான விஷயமில்லை. வகுப்பில் அவர் சொன்னால் அதுவே ஆதாரம். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி "மேற்கோள் தேவை" என்று குறி போட்டால், அவரும் போய்த் தேடிக்கொண்டு வர வேண்டும்.

முழு வெற்றி என்று சொல்ல முடியாது. தானியங்கி வைத்த குறுங்கட்டுரைகளில் கனக்க இன்றும் குறுங்கட்டுரைகளாகவே கிடக்கின்றன. விஞ்ஞானிகள் எழுதின பக்கங்களில் சில, விஞ்ஞானிகளுக்கு மட்டுமே விளங்கும். ஆட்கள் மாற, நிதி முடிய, உற்சாகமும் இறங்கும். ஆனால் ஆர்ஃபாம் கொடுத்த சாவியைத் திருப்பி வாங்கவில்லை. அதன் சகோதரத் தரவுத்தளமான பிஃபாமும் பிறகு தன் புரதக் குடும்பங்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைகளை இணைக்கத் தொடங்கியது.

பெட்டி வந்தது, வசனம் வரவில்லை

இந்த வரலாறு தமிழைத் தொடும் இடம் 2012 ஒக்டோபர் 29. அன்றுதான் விக்கித்தரவு தொடங்கப்பட்டது. எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுக் களஞ்சியம் அது. ஜீன் விக்கிக் குழு தன் தரவுகளை மெல்ல மெல்ல அங்கே நகர்த்தியது. மனித மரபணுக்கள், எலி மரபணுக்கள், அவற்றின் புரதங்கள் எல்லாவற்றையும் தானியங்கி ஏற்றியது. 2016 இல் ஆங்கில விக்கிப்பீடியாவின் மரபணுப் பெட்டியே விக்கித்தரவில் இருந்து தகவல் எடுக்கும்படி மாறியது. அதாவது அந்தப் பெட்டி இனி ஆங்கிலத்துக்கு மட்டும் சொந்தமில்லை. வேறு எந்த மொழியும் அதே களஞ்சியத்தில் இருந்து எடுத்துக்கொள்ளலாம், தமிழ் உட்பட.

பெட்டி இலவசம். வசனம் இலவசமில்லை. "இந்த மரபணு இந்த வேலை செய்கிறது" என்று தமிழில் ஒருவர் இருந்து எழுதத்தான் வேண்டும். எழுதத் தொடங்கினால் முதல் சொல்லிலேயே இடறும். இலங்கைப் பாடப்புத்தகத்தில் கலம், தமிழ்நாட்டில் செல். எங்களுக்கு நிறமூர்த்தம், அவர்களுக்குக் குரோமோசோம். எங்களுக்கு ஒளித்தொகுப்பு, அவர்களுக்கு ஒளிச்சேர்க்கை. எங்கள் புத்தகங்களில் பரம்பரையலகு என்று இருந்ததைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க நாங்களே மரபணு என்று எழுதிக்கொண்டு வருகிறோம். கவனித்திருப்பீர்கள்.

இது புதுப் பிரச்சினை இல்லை. 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். தன் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு உடற்கூற்றியல், சத்திரசிகிச்சை, பிரசவம், இரசாயனம் என்று நூல்களைத் தமிழாக்கினார். வைத்தியருக்கு விஷயம் தெரியும், மாணவருக்கு மொழி தெரியும். ஹிங்ஸ்டனிலும் சான் டியேகோவிலும் நடந்ததற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, அதே மாதிரியான ஒரு கூட்டுவேலை எங்கள் ஊரில் நடந்திருக்கிறது.

2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை ஆரம்பத்தில் தோளில் சுமந்தவர்களுள் முக்கியமானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். அவர் தொழிலால் கட்டடக்கலைஞர். கலமா செல்லா என்பது போன்ற சர்ச்சைகளுக்கு அங்கே 'ஆலமரத்தடி' என்ற பெயரில் ஒரு பொதுத் திண்ணையும் உண்டு. தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். இல்லாதது மற்றப் பாதி.

அந்த மற்றப் பாதி ஆரெண்டு பார்த்தால், அது நாங்கள்தான். உயர்தரம் வரைக்கும் உயிரியலைத் தமிழில் படிக்கிறோம். கம்பசுக்குள் போனதும் எல்லாம் ஆங்கிலம். முதல் வருடம் முடிவதற்குள் நிறமூர்த்தமும் இழைமணியும் வாயில் இருந்து போய்விடுகின்றன. நாலு வருடம் கழித்து ஒரு புரதத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு மணித்தியாலம் கதைக்க முடிந்த எங்களால், அதையே ரியூசனுக்குப் போகிற தங்கச்சிக்கு ஐந்து நிமிடம் தமிழில் சொல்ல முடிவதில்லை. விஷயமும் மொழியும் ஒரே ஆளிடம் கொஞ்சக் காலம் சேர்ந்திருக்கின்றன. அந்தக் காலம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

அதனால் போன மாதம் எங்கள் கூட்டத்தில் ஒரு சின்ன வேலையில் இருந்து தொடங்கினோம். விக்கித்தரவில் ஒவ்வொரு பொருளுக்கும் மொழிவாரியாக ஒரு பெயர் இடலாம், அதோடு மாற்றுப் பெயர்களும் சேர்க்கலாம். கலமும் செல்லும் அங்கே சண்டை பிடிக்கத் தேவையில்லை. எதைத் தேடினாலும் ஒரே இடத்துக்கு வரும். ஒரு பெயர் சேர்க்க இரண்டு நிமிடம் போதும். அன்று மூன்று பேர், ஒரு மடிக்கணினி, ஒரு பழைய உயர்தரப் பாடப்புத்தகம். கொஞ்சப் பெயர்களைச் சேர்த்துவிட்டு, ஒரு குறுங்கட்டுரையில் இரண்டு வசனம் எழுதினோம். அடுத்த நாள் போய்ப் பார்த்தால், முகம் தெரியாத ஒருவர் எங்கள் சந்திப்பிழையைத் திருத்திவிட்டுப் போயிருந்தார்.

உங்களிடமும் அந்தப் பழைய பாடப்புத்தகம் எங்காவது இருக்கும். எடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள்.